ஃபான் இறக்கையில் ஒரு பெயர்

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில், ஆதித் திருச்சபையில் காசுள்ளவர்களுக்கு என்ன இடம் இருந்தது என்று போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலும் திருகோணமலையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும்தான். இந்த முறை முழுப் பக்கத்தையும் அதற்கே கொடுத்துவிட்டேன். கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை. சின்ன ஊர், ஆளை ஆள் தெரியும்.

கேள்வி: எங்கள் கோயிலில் புதிதாகப் பூட்டிய எட்டு ஃபானிலும் கொடுத்தவர்களின் பெயர் எழுதியிருக்கிறது. வாங்கின் முதுகிலும் பெயர். "முதல் கிறிஸ்தவர்கள் இப்படியா விளம்பரம் போட்டார்கள்?" என்று பங்குச் சபைக் கூட்டத்தில் ஒருவர் கேட்க, பெரிய சண்டையாகிவிட்டது. போட்டார்களா, இல்லையா? (உப்புவெளி)

பதில்: போட்டார்கள். தரையிலேயே போட்டார்கள்.

2005இல் இஸ்ரேலில், மெகிதோ என்ற இடத்துச் சிறைச்சாலை வளவுக்குள் கட்டட வேலைக்கு முன் மண்ணைத் தோண்டியபோது ஒரு பழைய செபக்கூடத்தின் தரை வெளியே வந்தது. தோண்டியவர்களில் கைதிகளும் இருந்தார்கள். 3ஆம் நூற்றாண்டுத் தரை என்கிறார்கள், அதாவது கொன்ஸ்தந்தீன் அரசன் கிறிஸ்தவத்துக்கு வாசல் திறந்துவிடுவதற்கு முந்தியது. சின்னச் சின்னக் கல் பதித்த சித்திரத் தரை, நடுவில் மீன் உருவம், பக்கத்தில் கிரேக்க எழுத்து. ஒரு பக்கத்தில், கடவுள்மேல் அன்புள்ள அகெப்தூஸ் என்ற பெண் இந்த மேசையைக் கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு நினைவாகக் கொடுத்தாள் என்று இருக்கிறது. இன்னொரு பக்கத்தில், கயானுஸ் என்ற ரோமப் படையின் நூற்றுவர் தலைவன் தன் சொந்தக் காசில் இந்தத் தரையைப் போட்டான் என்று இருக்கிறது. வேலை செய்தவனின் பெயர்கூட உண்டு, புரூத்தியுஸ். (நம் ஊர்க் கோயில்களில் எந்த மேசனின் பெயரை எந்தக் கல்லில் எழுதினோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.)

எனக்குப் பிடித்த இடம் கயானுஸின் அந்த ஒற்றை வாக்கியம்தான். மண்டபம் கட்டிக் கொடுக்கும், தெருவுக்குக் கல் பதிக்கும் பெரிய மனிதர்களைப் பற்றி அந்தக் காலக் கல்வெட்டுகள் வழக்கமாகச் சொல்லும் ஒரு சொல் அதிலே வருகிறது. மதிப்பை விரும்பிச் செய்தான் என்கிற பொருள். அதே வாக்கியத்தில் அவன் பெயரை ஒட்டி "நம் சகோதரன்" என்றும் வருகிறது. பெரிய மனிதன் என்ற சொல்லும் சகோதரன் என்ற சொல்லும் ஒரே தரையில் கிடக்கின்றன, ஒன்று மற்றதை விழுங்கவில்லை. முதல் மூன்று நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களின் சங்கடம் முழுவதும் இதற்குள் இருக்கிறது என்பேன்.

இதற்கு வெளியே, ஊர் வழக்கத்தையும் பார்க்க வேண்டும். கொரிந்து நகரில் அரங்குக்குப் பக்கத்தில் 1929இல் ஒரு கல் கிடைத்தது. ஏரஸ்து என்றவர் தனக்குக் கிடைத்த நகரப் பதவிக்குக் கைம்மாறாகத் தன் செலவில் தளம் போட்டார் என்று அதில் லத்தீனில் வெட்டியிருக்கிறது, எழுத்துப் பள்ளங்களுக்குள் வெண்கலம் வைத்திருந்திருக்கிறார்கள். பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் "பட்டணத்து உக்கிராணக்காரனாகிய ஏரஸ்து" வருகிறாரே, அவர்தானா இவர் என்ற சண்டை அறிஞர்களிடையே இன்னும் தீரவில்லை. யாராக இருந்தாலும் சரி, "உபயம்" என்று எழுதிய டியூப் லைட்டின் தாத்தா அந்தக் கல்தான்.

லூக்கா 22இல் இயேசு இதைக் கவனித்துத்தான் பேசுகிறார்: ஆளுகிறவர்களுக்கு "உபகாரிகள்" என்று பட்டம், உங்களுக்குள்ளே அப்படி இருக்க வேண்டாம் என்கிறார். காசு கொடுக்க வேண்டாம் என்று அங்கே சொல்லவில்லை. உங்கள் சண்டையில் இரண்டு கட்சிக்கும் ஆளுக்கொரு ஆதாரம் தந்துவிட்டேன். பங்குத் தந்தை என்மேல் கோபிக்காமல் இருந்தால் சரி.

கேள்வி: நான் கரைவலை இழுக்கிறவன். சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கினால் அந்தப் பருவம் முழுக்க அவர் வலைதான், அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போக வேண்டும், வோட்டும் அவர் சொல்கிற பக்கம். ரோமாபுரியிலும் இப்படி ஒரு முறை இருந்ததாக எழுதியிருந்தீர்கள். விளங்கப்படுத்துவீர்களா? (நிலாவெளிப் பக்கம்)

பதில்: நீங்களே விளங்கப்படுத்திவிட்டீர்கள் அண்ணே. நான் பெயர்களை மட்டும் மாற்றிச் சொல்கிறேன்.

ரோமில் அவருக்குப் பெயர் பத்ரோனுஸ், தகப்பன் என்று பொருள்படும் பாத்தர் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அவரை அண்டி இருப்பவர் கிளியேன்ஸ். விடியுமுன் எழும்பி, தோகா என்கிற அந்தப் பாரமான மேலாடையைச் சுற்றிக்கொண்டு, பெரியவர் வீட்டு முற்றத்தில் போய் நின்று காலை வணக்கம் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு சாப்பாட்டுக் கூடையோ, பின்னாட்களில் காசோ கிடைக்கும். மார்சியால் என்ற கவிஞர் அந்தக் கூலி 100 குவாத்ரான்ஸ் என்று புலம்புகிறார். குவாத்ரான்ஸ் என்பது அப்போதிருந்த சில்லறையிலேயே சின்னது, ஒரு குவாத்ரான்ஸ் ஒரு தடவை பொதுக் குளியலுக்குப் போகத்தான் காணும். பெரியவர் வழக்குக்குப் போனால் பின்னால் நடக்க வேண்டும், தேர்தலில் நின்றால் கத்த வேண்டும். பதிலுக்கு உங்களுக்கு ஒரு வழக்கு வந்தால் அவர் பேசுவார், வேலைக்குக் கடிதம் தருவார். எம்.பி.யின் கடிதம் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

இப்போது பவுலைப் பாருங்கள். கொரிந்துக்கு வருகிறார், ஊரில் வசதியுள்ளவர்கள் சிலர் சேருகிறார்கள், உங்களை நாங்கள் வைத்துப் பார்க்கிறோம் என்கிறார்கள் போல. மனுஷன் மாட்டேன் என்று கூடாரம் தைக்கிறார், ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அதே தொழில். அந்தக் காலத்தில் ஒரு பெரியவரின் கொடையை மறுப்பது அவர் முகத்தில் அடிப்பது மாதிரி. கொரிந்தியர் புண்பட்டுப் போனார்கள் என்பது 2 கொரிந்தியரில் நன்றாகவே தெரியும். உங்களுக்குப் பாரமாக இருக்கவில்லை, அந்த அநியாயத்தை மன்னியுங்கள் என்று ஒரு குத்தல் போடுகிறார். ஆனால் அதே ஆள் பிலிப்பியிலிருந்து வந்த காசை வாங்கிக்கொண்டார்! ஏன் அங்கே வாங்கி இங்கே மறுத்தார்? என் கணிப்பு இதுதான்: பிலிப்பியர் கொடுத்தபோது கூடவே கயிறு வரவில்லை. கொரிந்தில் வந்திருக்கும். "நான் பவுலின் ஆள், நான் (இன்னொரு போதகரான) அப்பொல்லோவின் ஆள்" என்று கட்சி கட்டிக்கொண்டிருந்த ஊரல்லவா, அவர்களுக்கு வேண்டியிருந்தது தங்கள் வீட்டுப் பவுல்.

தெசலோனிக்கேயருக்கு அவர் எழுதிய "சொந்தக் கையால் வேலை செய்யுங்கள்" என்ற புத்தியையும் ஆய்வாளர்களில் ஒரு சாரார் இந்தக் கண்ணோடுதான் வாசிக்கிறார்கள்: பெரியவர் வீட்டு முற்றத்தில் நிற்பதை விடச் சொல்கிறார் என்று. முற்பணத்தைத் திருப்பிக் கொடு என்கிற மாதிரி. சொல்வது சுலபம், எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் தொழில்தான் சுவிசேஷத்திலும். யாக்கோபும் யோவானும் தகப்பன் செபெதேயுவைப் படகில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று மாற்கு எழுதும்போது "கூலியாட்களோடு" என்று ஒரு சொல் சேர்க்கிறார். செபெதேயு ஒரு சின்னச் சம்மாட்டி. வலை இழுக்கிறவன் போனான் என்றால் ஒரு கதை, சம்மாட்டியின் பிள்ளைகள் போனார்கள் என்றால் வேறு கதை. அந்தக் கிழவன் அன்றைக்கு வீட்டில் என்ன சொல்லியிருப்பான்!

கேள்வி: எங்கள் கொயரில் பாடும் ஒரு பெண் என்னை "பிரதர்" என்றே கூப்பிடுகிறாள். ஆதித் திருச்சபையிலும் எல்லாரும் சகோதரர் சகோதரி என்றால், யார் யாரைக் கலியாணம் செய்தார்கள்? பகிடி இல்லை, உண்மையாகத்தான் கேட்கிறேன். (ஊர் போடவில்லை, தபால் முத்திரை திருகோணமலை)

பதில்: தம்பி, உங்கள் சந்தேகம் 1800 வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. மினூசியுஸ் ஃபேலிக்ஸ் எழுதிய உரையாடல் ஒன்றில் கிறிஸ்தவர்களைத் திட்டும் பாத்திரம் இதைத்தான் பிடித்துக்கொள்கிறது: ஒருவரை ஒருவர் சகோதரன் சகோதரி என்கிறார்கள், அப்புறம் அவர்களுக்குள்ளேயே எல்லாம் நடக்கிறது, சீ!

நமக்கு இது இன்னும் கூடுதலாக உறுத்தும், காரணம் நம் பாஷை. தமிழில் அண்ணன் உண்டு, தம்பி உண்டு, இரண்டுக்கும் பொதுவாக வீட்டில் கூப்பிடும் சொல் கிடையாது. மீன் வாங்கப் போனாலும் யார் மூத்தவர் என்று முகத்தைப் பார்த்து முடிவெடுத்த பிறகுதான் வாய் திறக்கலாம். "சகோதரன்" என்று எந்தத் தாயும் பிள்ளையைக் கூப்பிடுவதில்லை. அது மேடைக்கும் கோயிலுக்கும் உரிய சொல். ஆனால் அதைப் பிரித்துப் பாருங்கள், ஒரே உதரம், ஒரே வயிற்றில் பிறந்தவர். கிரேக்கத்தில் பவுல் எழுதிய அதெல்ஃபோஸ் என்ற சொல்லும் அப்படியே, ஒரே கருப்பை என்ற கட்டு. அதில் மூப்பு இளமை இல்லை. எசமானும் அடிமையும் ஒரே வயிறு என்றால் அந்தக் காதுக்கு எவ்வளவு உதைத்திருக்கும்!

கலியாணம்? செய்தார்கள். 1 கொரிந்தியர் 9இல் பவுல் "மனைவியாகிய ஒரு சகோதரி" என்றே எழுதுகிறார். தமிழ்க் காதில் விழும்போது தூக்கிவாரிப் போடுகிறது, அவர்களுக்குப் போடவில்லை. ஆகவே பிரதர் என்ற சொல்லை வைத்து மனம் உடைய வேண்டாம். அவள் என்ன நினைத்துச் சொல்கிறாள் என்பது வேதாகம ஆராய்ச்சியில் அகப்படாது.

இந்தச் சொல் எவ்வளவு வேலை செய்தது என்று பார்க்க ஆசையென்றால், பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தை எடுங்கள், ஒரே பக்கம். பிலேமோனிடமிருந்து ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்புகிறார் பவுல், அடிமையாக ஏற்காதே, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். உடனே கடன் கொப்பியைத் திறக்கிறார்: அவன் உனக்கு ஏதும் தர வேண்டியிருந்தால் என் கணக்கில் வை, பவுலாகிய நானே என் கையால் எழுதுகிறேன், நான் கட்டித் தீர்ப்பேன். அதோடு நிறுத்தினாரா? நீயே உன்னை எனக்குக் கடன்பட்டிருக்கிறாய், அதை நான் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லிவிடுகிறார். இதுதான் சம்மாட்டிப் பேச்சு! பிலேமோனின் வீட்டில் சபை கூடுகிறது, ஊரில் அவர் பெரியவர். பவுல் இரண்டே வசனத்தில் அவரைத் தன் கடனாளி ஆக்குகிறார், அண்ணன் தம்பி என்றும் சொல்லிக்கொண்டே. நயமா, நெருக்குதலா? எனக்கு இரண்டும் தெரிகிறது.

கேள்வி: பெபேயாளைப் பற்றி எழுதுங்கள். பிரசங்கங்களில் அவளை "ஊழியம் செய்த நல்ல சகோதரி" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியை, டைக் வீதி)

பதில்: ரீச்சர், நீங்கள் கேட்டது நல்லது. ரோமர் 16இன் முதல் இரண்டு வசனம். அவள் கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரி, "அநேகருக்கும் எனக்குங்கூட ஆதரவாயிருந்தவள்" என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. அந்த "ஆதரவாயிருந்தவள்" கிரேக்கத்தில் ப்ரோஸ்தாதிஸ். பத்ரோனுஸ் என்பதற்குக் கிரேக்கர் வைத்திருந்த சொல்லின் பெண்பால். ஆதரவு என்றால் நம் காதில் சுகமில்லாதபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் மாதிரிக் கேட்கிறது. பவுல் சொல்வது, நான் யாருடைய நிழலில் நின்றேனோ அவள்.

கெங்கிரேயா எங்கே இருக்கிறது? கொரிந்துக்கு இரண்டு துறைமுகம், மேற்கே லெக்கேயோன், கிழக்கே கெங்கிரேயா. கிழக்குத் துறைமுகத்து ஆட்களுக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கப்பலில் இறங்குகிற அந்நியனுக்கு முதலில் வேண்டியது படுக்க ஓர் இடமும் ஊரில் நாலு பேரைத் தெரிந்த ஓர் ஆளும். 1954இல் கொரிந்துக்குப் பக்கத்தில் கிடைத்த கல்வெட்டு ஒன்று, ஏறக்குறைய பவுலின் காலத்தில் அங்கே வாழ்ந்த யூனியா தியோதோரா என்ற பெண்ணைப் புகழ்கிறது. அவள் கிறிஸ்தவள் என்பதற்கு ஒன்றுமில்லை. லீக்கியா நாட்டு நகரங்கள் சேர்ந்து அவளுக்கு நன்றி சொல்கின்றன: எங்கள் ஊரார் அங்கே வந்தால் தன் வீட்டில் ஏற்றுக்கொள்கிறாள், அதிகாரிகளிடம் எங்களுக்காகப் பேசுகிறாள். அவள் செய்ததற்கு அந்தக் கல்லில் இருக்கும் சொல்லும் ப்ரோஸ்தாதிஸ் குடும்பத்துச் சொல்லே. பெபேயாள் இதே கடற்கரையில் இதே வேலையைச் செய்தவள்.

இன்னொரு விஷயம். ரோமாபுரியில் அவளுக்கு என்ன தேவையோ அதைச் செய்து கொடுங்கள் என்று பவுல் எழுதுகிறார். தன்னை ஆதரித்தவளுக்குத் தான் சிபாரிசுக் கடிதம் கொடுக்கிறார்! வழக்கமாகக் கடிதம் மேலிருந்து கீழே வரும். இங்கே எந்தப் பக்கம் மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிலிப்பியில் லீதியாள் கதையும் இப்படித்தான். இரத்தாம்பரம் என்கிற ஊதாச் சாயத் துணி விற்கிற, தியத்தீரா ஊர்க்காரி. அவளும் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றதும் "என் வீட்டில் வந்து தங்குங்கள்" என்று வருந்திக் கேட்டு மறிக்கிறாள். நம் வீட்டுப் பெண்கள் சாப்பிடாமல் போக விடமாட்டார்களே, அந்தக் கட்டாயம்.

கேள்வி: இரத்த உறவுக்கு இயேசு பெரிய மதிப்புக் கொடுக்கவில்லை என்கிறார்கள். ஆனால் அவர் போன பிறகு எருசலேமில் தலைமைக்கு வந்தது அவருடைய சகோதரர் யாக்கோபு. இது குடும்ப அரசியல் இல்லையா? (கிண்ணியா வீதி)

பதில்: ஓரளவுக்கு ஆம். யாக்கோபு 62இல் கொல்லப்பட்ட பிறகும் இயேசுவின் ஒன்றுவிட்ட சகோதரர் முறையான சிமியோனைத்தான் வைத்தார்கள் என்று 2ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் எகேசிப்புஸ் எழுதியதை, பிற்காலத் திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியுஸ் எடுத்துச் சொல்கிறார். ஆசியாவில் எபேசு ஆயர் பொலிக்கிராத்தேஸ், ரோம் ஆயரோடு உயிர்ப்புப் பெருநாள் தேதிக்காகச் சண்டை பிடிக்கும்போது, என் உறவினரில் ஏழு பேர் ஆயர்கள், நான் எட்டாவது என்று மார்தட்டுகிறார். இது 190 அளவில். நம் ஊரில் யாரும் இதைக் கேட்டு அதிர்ச்சி அடைய மாட்டார்கள்.

ஆனால் ஒரு காட்சியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் எகேசிப்புஸ் சொன்னதுதான். இயேசுவின் சகோதரர் யூதாவின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரை, தாவீதின் வம்சம், கிளர்ச்சி செய்யக்கூடும் என்று ரோமப் பேரரசன் தோமிசியனிடம் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். என்ன சொத்து இருக்கிறது? இரண்டு பேருக்கும் சேர்த்து 9000 தெனாரி (ரோம வெள்ளிக் காசு) பெறுமதி, அதுவும் காசாக இல்லை, 39 பிளேத்ரா (கிரேக்க நில அளவை) காணி, நாங்களே உழுது வரி கட்டுகிறோம் என்று சொல்லி உள்ளங்கையைக் காட்டினார்களாம். காய்ப்பு ஏறின கை. அரசன் இவர்களால் என்ன ஆகும் என்று இளக்காரமாக விட்டுவிட்டான்.

இயேசு சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள். மாற்கு 10இல், விட்டு வந்தவற்றின் பட்டியலில் தகப்பன் உண்டு. நூறு மடங்காகத் திரும்பக் கிடைப்பவற்றின் பட்டியலில் வீடு, சகோதரர், சகோதரிகள், தாய்கள், பிள்ளைகள், நிலங்கள் எல்லாம் உண்டு, தகப்பனைக் காணோம். பத்ரோனுஸ் என்ற சொல் எந்தச் சொல்லிலிருந்து பிறந்தது என்று மேலே எழுதியதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கலியாண வீட்டில் யார் எவ்வளவு கவரில் வைத்தார்கள் என்று கொப்பியில் எழுதி வைப்பது பாவமா?

பதில்: லூக்கா 14இல், விருந்து வைத்தால் நண்பரையும் சகோதரரையும் உறவினரையும் வசதியான அயலவரையும் கூப்பிடாதே, அவர்கள் உன்னைத் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பின்பற்றினால் நம் ஊரில் கலியாண மண்டபம் காலியாகவே கிடக்கும். கொப்பி எழுதுங்கள், எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

கேள்வி: எங்கள் சபைக்கு ஒருவர் ஜெனரேட்டர் வாங்கிக் கொடுத்தார். இப்போது அவருக்கும் சபைக்கும் ஒத்துவரவில்லை, தான் நினைத்த மாதிரித்தான் எல்லாம் நடக்க வேண்டும் என்று நிற்கிறார், இல்லாவிட்டால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறார். காணிக்கையைத் திருப்பிக் கொடுப்பது முறையா? (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

பதில்: முன்னுதாரணம் இருக்கிறது, அதுவும் ரோமாபுரியிலேயே. கருங்கடல் ஓரத்துச் சினோப்பே துறைமுகத்திலிருந்து மார்சியோன் என்ற கப்பல்காரர் ரோமுக்கு வந்து சபையில் சேர்ந்தார். சேரும்போது 2,00,000 செஸ்தெர்சி (ரோம நாணயம்) கொடுத்தார் என்று ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார். அப்போது ஒரு சாதாரணப் படைவீரனின் வருடச் சம்பளம் 1,200 செஸ்தெர்சி. கணக்குப் பார்த்தால் ஒரு சிப்பாய் 166 வருடம் உழைக்க வேண்டும். பிறகு, பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் தகப்பன் வேறு என்று போதிக்கத் தொடங்கினார். 144 அளவில் அவரைச் சபையிலிருந்து வெளியேற்றினார்கள். காசு? முழுவதையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அவ்வளவு தொகையைக் கொடுத்தவரை, சரி ஏதோ பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். வேறு எந்தச் சங்கமும் அன்றைக்கு அப்படித்தான் செய்திருக்கும், கொடையாளிக்குச் சிலைகூட வைத்திருக்கும். இவர்கள் காசையும் ஆளையும் ஒன்றாகவே அனுப்பிவிட்டார்கள். அதனால் அந்தச் சபை நொடித்துப்போகவும் இல்லை: 251இல் ரோம் ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதத்தின்படி 1,500க்கு மேற்பட்ட விதவைகளையும் இல்லாதவர்களையும் சபை பராமரித்து வந்தது. (அதற்குள் ஆயரே ஊரின் பெரிய சம்மாட்டி ஆகிவிட்டார் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.)

ஆகவே ஜெனரேட்டரைக் கொடுத்துவிடுங்கள். டாங்கியில் கிடக்கிற டீசலை வடித்துவிட்டுக் கொடுப்பதா, டீசலோடு கொடுப்பதா என்று மட்டும் அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள்.